மீன் முட்டையை உலுக்கக் கூடாத நேரம்
சாலவாக்கம் போன்ற ஊர்களின் ஏரிகளில் விடும் கட்லா, ரோகு, மிர்கால் தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. குஞ்சுகள் பொரிப்பகத்திலிருந்தே வருகின்றன. 1957இல் ஒடிசாவில் மீனியல் அறிஞர்கள் ஹிராலால் சவுத்ரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியால் ஏற்றிக் கெண்டை மீன்களை முட்டையிட வைத்தார்கள்.

கருவுற்ற முட்டை நீரை உறிஞ்சி, வெந்த ஜவ்வரிசிபோல உப்பும். உள்ளே செல்கள் பிரிந்து மஞ்சள் கருவைப் போர்த்தி மூடும்வரை உள்ள முதல் சில மணி நேரம்தான் கண்டம். அப்போது முரட்டுத்தனமாக அள்ளினாலோ உயரத்திலிருந்து ஊற்றினாலோ கரு சிதையும். தப்பியதில் சில கோணல் முதுகோடு பொரியும். செத்த முட்டை வெளுத்துவிடும்.

அசையாமலும் வைக்க முடியாது, அடியில் குவிந்தால் மூச்சு முட்டும். வட்டத் தொட்டியில் நீர் மெல்லச் சுழல வேண்டும்; வேகம் கூடினால் உறை கிழிந்து, குறைமாதக் குஞ்சு வெளியே விழும். சுமார் 28 டிகிரியில் 14 முதல் 18 மணி நேரத்தில் பொரிக்கும்.

விராலுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. ஏரியிலேயே முட்டையிட்டு, மிதக்கும் முட்டைகளுக்குப் பெற்றோரே காவலும் நிற்கும்.