வகுப்பறையில் துப்பாக்கி: ஆளுநர் கையெழுத்துப் போட்டார்!

உங்கள் ஆசிரியர் சட்டைக்குள் துப்பாக்கி வைத்திருந்தால்? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் அதற்கு வழிவிடும் மசோதாவைச் சட்டமன்றம் 2024 ஏப்ரல் 23இல் நிறைவேற்றியது. ஆளுநர் பில் லீ அதே மாதம் அதில் கையெழுத்திட்டார்.

மசோதா என்ன சொல்கிறது?
உரிமம், ஆண்டுக்கு 40 மணி நேரப் பயிற்சி, பள்ளி முதல்வர், காவல்துறை ஒப்புதல் ஆகியவை வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பவர் யார்? பெற்றோருக்குச் சொல்ல மாட்டார்கள்!

ஏன் இவ்வளவு எதிர்ப்பு?
2023 மார்ச்சில் நேஷ்வில் பள்ளித் துப்பாக்கிச்சூட்டில் 3 பிள்ளைகள் உட்பட 6 பேர் மாண்டனர். துப்பாக்கிகளைக் குறைக்கச் சொல்லிப் பெற்றோர் பலர் போராடினர். கிடைத்ததோ இந்த மசோதா.

ஆளுநர் என்ன செய்யலாம்?
கையெழுத்திடலாம், நிராகரிக்கலாம். ஞாயிறு நீங்கலாக 10 நாள் சும்மா இருந்தாலும் சட்டமாகிவிடும்.

நிராகரித்தால்?
சாதாரணப் பெரும்பான்மை போதும், சட்டமன்றம் அவர் முடிவை மாற்றிவிடும். அதுவரை பில் லீ ஒரு மசோதாவைக்கூட நிராகரித்ததில்லை. இதிலும் கையெழுத்தே போட்டார்.