சாட்ஜிபிடி சொன்னதை எங்கே வைப்பது?

பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளைகள் பற்றி சாட்ஜிபிடியிடம் கேட்டதை மூன்று மாதம் கழித்துத் தேடினால் எளிதில் கிடைக்காது. அமைப்புகளில் தரவு ஏற்றுமதி கேட்கலாம். மின்னஞ்சலில் இணைப்பு வரும், 24 மணி நேரத்துக்குள் பதிவிறக்க வேண்டும். ஆனால் அது மொத்த மூட்டை!

வேண்டிய உரையாடலை மட்டும் ஆப்சிடியன் செயலியில் ஒட்டிவைப்பது என் வழக்கம். குறிப்புகள் நம் கணினியிலேயே சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருக்கும். மேலே தேதி, நான் கேட்ட கேள்வி. இயந்திரத்தின் பதிலுக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கவில்லை’ என்ற அடையாளம். இது முக்கியம். இல்லையென்றால் நாளடைவில் அதன் ஊகமும், கிள்ளான் பெரியவர் ஒருவர் நேரில் சொன்ன நினைவும் ஒன்றாகக் கலந்துவிடும். ஒலிவாங்கி முன் வாசித்தால் நேயர்கள் இரண்டையும் நம்புவார்கள்.

அடையாள அட்டை எண், மருத்துவ அறிக்கை போன்றவற்றை உரையாடலிலேயே போடாதீர்கள்.