பந்தயத் தடத்துக்கு எந்த டயர்?

தேவிபட்டினம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை செல்கிறது. சித்திரை வெயிலில் இச்சாலையின் தார் கொதிக்கும். காற்று வீசினால் மணல் வந்து படியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டித் தண்ணீர் தேங்கும். இந்தச் சாலையில் நாள்தோறும் ஓடும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை, அதன் உரிமையாளர் ஆண்டுக்கு இரண்டு முறை பந்தயத் தடத்துக்கும் கொண்டு செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காருக்கு எந்த டயர் பொருந்தும்?

தமிழ்நாட்டில் இதற்கான தடம் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ளது. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் முன்பு சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தி வந்தது. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. நீளமுள்ள தடத்தை அமைத்தது. அது 1990இல் பயன்பாட்டுக்கு வந்தது. இத்தகைய தடங்களில் பந்தயம் இல்லாத சில நாட்களில், கட்டணம் செலுத்துவோர் தம் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கலாம். இதை 'டிராக் டே' என்பார்கள். நம் உரிமையாளர் ஏறத்தாழ 500 கி.மீ. ஓட்டிச் சென்று, தடத்தில் சுற்றிவிட்டு, அதே டயர்களில் வீடு திரும்ப வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பாடநூல் விதியும் ரப்பரும்

உராய்வு விசை, தொடும் பரப்பைப் பொறுத்ததன்று. செங்குத்து விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருப்பீர்கள். மரக்கட்டைக்கும் இரும்புக்கும் இது ஏறக்குறையப் பொருந்தும். ரப்பர் இந்த விதிக்கு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை.

ரப்பர் தரையை இரண்டு வழிகளில் பிடிக்கிறது. ஒன்று, ஒட்டுதல். ரப்பரின் மூலக்கூறுகள் தரையின் மூலக்கூறுகளை மிக நெருங்கும்போது இரண்டுக்கும் இடையே ஈர்ப்பு உண்டாகிறது. மற்றொன்று, உருக்குலைவு. சாலையின் சிறு கற்கள் ரப்பரை அழுத்துகின்றன. கல்லைக் கடந்தபின் ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் சற்றுத் தாமதிக்கிறது. இந்தத் தாமதத்தால் ஆற்றல் வெப்பமாகச் செலவாகிறது. சறுக்கலுக்கு எதிரான விசையும் பிறக்கிறது. ரப்பர் மென்மையாக இருந்தால் இவ்விரண்டும் கூடும். ஆனால் அது விரைவில் தேய்ந்துவிடும்.

ரப்பரின் மீதுள்ள எடையை இருமடங்காக்கினால் பிடிப்பு இருமடங்காவதில்லை. சற்றுக் குறைவாகவே கூடுகிறது. எனவே எடையை அகலமான பரப்பில் பகிர்ந்தளிப்பது நன்மை தரும். பந்தயக் கார்களின் டயர்கள் அகலமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். 1,200 கிலோ எடையுள்ள ஒரு காரின் ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் பரப்பு, கிட்டத்தட்ட ஓர் அஞ்சலட்டையின் அளவுதான். நான்கு அஞ்சலட்டைகளை நம்பித்தான் கார் முழுவதும் ஓடுகிறது!

வளைவில் ஒரு கணக்கு

50 மீட்டர் ஆரமுள்ள ஒரு சமமான வளைவு இருக்கிறது. அதில் சறுக்காமல் செல்லக்கூடிய மிகுந்த வேகம் என்ன? மையநோக்கு விசையை உராய்வே தருவதால், வேகத்தின் வர்க்கம் = உராய்வுக் கெழு × 9.8 × ஆரம்.

நல்ல சாதாரண டயருக்கு, உலர்ந்த சாலையில் கெழு 0.8 என்று கொண்டால், வேகம் மணிக்கு 71 கி.மீ. சூடேறிய பந்தய டயருக்கு 1.2 என்று கொண்டால், மணிக்கு 87 கி.மீ. வரிப்பள்ளமே இல்லாத அதே பந்தய டயர் நனைந்த சாலையில் ஓடி, கெழு 0.4ஆக வீழ்ந்தால்? மணிக்கு 50 கி.மீ. மட்டுமே! தடத்தில் முதலிடம் பெற்ற டயர் மழையில் கடைசிக்கு வந்துவிட்டது.

மழை ஏன் எதிரி?

டயரில் உள்ள பள்ளங்களை நம் ஊரில் 'பட்டன்' என்கிறோம். உலர்ந்த சாலையில் இவை பிடிப்பைக் கூட்டுவதில்லை. ரப்பர் தொடும் பரப்பைக் குறைக்கவே செய்கின்றன. மழைத் தண்ணீரை வெளியேற்றும் வாய்க்கால்களாக இருப்பதே இவற்றின் வேலை. பட்டன் தேய்ந்த மொட்டை டயர் வேகமாகச் சென்றால், தண்ணீர் விலக நேரமின்றி டயருக்கு அடியில் ஆப்புப்போல் நுழைகிறது. டயர் தரையை விட்டு மேலெழுந்து நீரின் மேல் மிதக்கிறது. அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயன்படா.

விமானச் சக்கரங்களுக்காக 1960களில் நாசா ஆய்வாளர்கள் ஓர் எளிய விதி கண்டனர். தண்ணீர் தேங்கிய தளத்தில் சக்கரம் மிதக்கத் தொடங்கும் வேகம், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அவ்விதிப்படி சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தத்தில் அது மணிக்கு ஏறக்குறைய 91 கி.மீ. காருக்கு இதைத் தோராயமாகக் கொண்டாலும், மழையில் மொட்டை டயர் எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும். கார் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி.

டயர்களின் வகைகள்

முதல் வகை, சாதாரணச் சாலை டயர். நெடுநாள் உழைக்கும், குளிர்ந்த நிலையிலும் மழையிலும் நன்றாகப் பிடிக்கும். தடத்தில் பல சுற்றுகள் ஓடினால் அளவுக்கு மீறிச் சூடாகி வழுக்கத் தொடங்கும்.

இரண்டாவது, உயர்திறன் சாலை டயர். ரப்பர் மென்மையானது, பக்கச்சுவர் விறைப்பானது, பள்ளங்களும் போதிய அளவு உண்டு.

மூன்றாவது, 'செமி ஸ்லிக்'. பெயருக்குச் சில பள்ளங்கள் மட்டும் இருக்கும். உலர்ந்த தடத்தில் சிறந்தது. குளிர்ந்திருக்கும்போதும் மழையிலும் நம்ப முடியாதது.

நான்காவது, 'ஸ்லிக்'. பள்ளமே கிடையாது. ஏறத்தாழ 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடானால்தான் முழுப் பிடிப்பும் கிடைக்கும். பொதுச் சாலையில் ஓட்டச் சட்டம் இடந்தராது.

பல டயர்களின் பக்கச்சுவரில் 'டிரெட்வேர்' என்ற எண் இருக்கும். அமெரிக்க அளவுமுறையான இதில் 100 என்பது ஒப்பீட்டு டயர். 200 என்றால் அதைப்போல் இருமடங்கு உழைக்கும். எண் குறையக் குறைய ரப்பர் பெரும்பாலும் மென்மையாக இருக்கும். ஆனால் இந்த எண்ணை உற்பத்தியாளரே தருவதால், ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றுடன் ஒப்பிடும்போது எச்சரிக்கை தேவை.

காற்றும் சார்லஸ் காலத்து விதியும்

கன அளவு மாறாதபோது, வாயுவின் அழுத்தம் அதன் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். காலையில் 30 டிகிரியில் டயரில் 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். வெளியே உள்ள வளிமண்டல அழுத்தம் 15 பவுண்டையும் சேர்த்தால் உண்மை அழுத்தம் 45. தடத்தில் டயரினுள் காற்று 80 டிகிரிக்குச் சூடானால், 45 × 353 ÷ 303 = 52. அளவுமானி 37 காட்டும். டயர் நடுவில் உப்பி, பிடிப்புக் குறையும். ஆகவே ஓட்டுபவர் காற்றை இறக்கி 30க்குக் கொண்டு வருகிறார்.

மாலையில் அதே டயர் குளிர்ந்தால்? 45 × 303 ÷ 353 = 38.6, அளவுமானியில் 24கூட இராது! இப்படியே 500 கி.மீ. பயணத்தைத் தொடங்கினால், காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடிந்து நிமிர்ந்து, மேலும் மேலும் சூடாகி வெடிக்கக்கூடும். மழை பெய்தால் மிதக்கும் வேகமும் குறைந்திருக்கும். தடத்தை விட்டுப் புறப்படுமுன் மீண்டும் காற்று அடிப்பது மறக்கக் கூடாத வேலை.

உலகம் கண்ட பாடம்

2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிசில் ஃபார்முலா 1 பந்தயம் நடந்தது. அந்தத் தடத்தின் 13ஆம் வளைவு சரிவாக அமைந்தது. கார்கள் அதைப் பெருவேகத்தில் கடக்கும். அங்கே எழும் பளுவை மிஷலின் நிறுவனத்தின் டயர்கள் தாங்கவில்லை. பயிற்சியின்போதே ஒரு கார் டயர் பழுதாகிச் சுவரில் மோதியது. பந்தயத்தன்று, அந்த டயர்களைப் பூட்டியிருந்த 14 கார்களும் முன்னோட்டச் சுற்றோடு விலகிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர்கள் பூட்டிய 6 கார்கள் மட்டும் ஓடின. அவற்றில் ஒன்றை ஓட்டிய கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் நான்காம் இடம் பெற்றார். ஃபார்முலா 1 பந்தயத்தில் இந்தியர் ஒருவர் புள்ளிகள் பெற்றது அதுவே முதல் முறை.

மிஷலின் மோசமான டயர் செய்யும் நிறுவனமன்று. அந்த ஆண்டின் பல பந்தயங்களில் அதன் டயர்களே வென்றன. ஆனால் அந்த ஒரு வளைவுக்கு அவை ஏற்றவையாக இல்லை. 'சிறந்த டயர்' என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரு தளத்துக்கும், வெப்பநிலைக்கும், பளுவுக்கும் ஏற்ற டயர் என்றுதான் சொல்ல முடியும்.

நம் காருக்கு எது?

இப்போது தேவிபட்டினத்துக் காருக்கு வருவோம். முதலில் அளவும் தாங்குதிறனும் சரியாக இருக்க வேண்டும். '91 V' என்று பொறித்திருந்தால், அந்த டயர் 615 கிலோ பளுவையும் மணிக்கு 240 கி.மீ. வேகத்தையும் தாங்கும் என்று பொருள். அடுத்து வயது. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. காலத்தாலும், அடிக்கடி சூடாகிக் குளிர்வதாலும் ரப்பர் இறுகிவிடும்.

பிறகு மழை. இந்தக் கார் தடத்தில் ஓடும் தூரம் மிகக் குறைவு. மணல், வெயில், மழை நிறைந்த சாலையில் ஓடும் தூரமே மிகுதி. எனவே இரண்டாம் வகையான உயர்திறன் சாலை டயரே பொருத்தம். தடத்தில் சில நொடிகள் பிந்தலாம். அதனால் யாருக்கும் இழப்பில்லை. கார்த்திகை மழையில், எதிரே பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் வரும்போது கார் சறுக்கினால் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது. அந்தச் சில நொடிகளும் வேண்டும் என்போர், செமி ஸ்லிக் பூட்டிய சக்கரங்களைத் தனியே எடுத்துச் சென்று, தடத்தில் மாற்றிக்கொள்வதே முறை.

செய்து பாருங்கள்

பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, ஜாமெட்ரி பெட்டியின் அடியில் ஒட்டுங்கள். அதை ஒரு பலகைமேல் வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். பெட்டி சறுக்கத் தொடங்கும் கோணத்தை அளவிடுங்கள். அக்கோணத்தின் 'டேன்' மதிப்பே உராய்வுக் கெழு. பலகை உலர்ந்திருக்கும்போதும், அதில் தண்ணீர் தெளித்தும், கடற்கரை மணல் தூவியும் மூன்று முறை செய்யுங்கள். மூன்று விடைகளையும் 50 மீட்டர் வளைவுக் கணக்கில் இட்டுப் பாருங்கள். மணல் படிந்த சாலையில் எவ்வளவு மெதுவாகச் செல்ல வேண்டும் என்று நீங்களே கணக்கிட்டுவிடலாம்.