தொங்கும் வயிற்றுக்கு ஆபரேஷன்!
யாருக்குத் தேவை? பிறகு எப்படி இருக்க வேண்டும்?

பிள்ளை பெற்ற பெண்ணின் வயிற்றில் பழைய நூல் சேலையைச் சுற்றிக் கட்டுவது திருநெல்வேலிச் சீமையில் ஆச்சிமார்களின் வழக்கம். "கட்டாவிட்டால் வயிறு சரிந்துவிடும்" என்பார்கள்.

துணிக்கட்டு இடுப்புக்குத் தாங்கலாக இருக்கும். ஆனால், விரிந்த தோலை அது சுருக்காது. மூச்சு முட்டும்படி இறுக்கவும் கூடாது.

வயிறு ஏன் தொங்குகிறது?

வயிற்றின் முன்பக்கத்தில் மேலிருந்து கீழாக இரண்டு தசைகள் உள்ளன. கர்ப்பத்தில் குழந்தை வளர வளர இவை விலகுகின்றன. தோலும் விரிகிறது. பிரசவத்துக்குப் பின் பலருக்குச் சில மாதங்களில் தசைகள் நெருங்கிவிடும். சிலருக்கு நெருங்குவதில்லை.

உடற்பயிற்சி தசைக்கு உதவும். அளவு மீறி விரிந்த தோலுக்கு உதவாது. மிகவும் பருத்துப் பிறகு இளைத்த ஆண்களுக்கும் தோல் தொங்குவது உண்டு.

மடிப்பில் வியர்வை தங்கிப் புண் வரும். முதுகு வலிக்கும். தாமிரபரணிக் கரை வயல்களில் குனிந்து நாற்று நடும் பெண்ணுக்கும், முக்கூடலில் நாள் முழுவதும் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்ணுக்கும் இது வெறும் அழகு விஷயம் அல்ல.

என்ன செய்கிறார்கள்?

1899-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஹோவர்டு கெல்லி என்ற டாக்டர், தொங்கும் வயிற்றுச் சதையை அறுத்து எடுத்தார். 1967-ல் பிரேசில் டாக்டர் ஐவோ பிட்டாங்கி, 300 பேருக்குச் செய்த ஆபரேஷனைப் பற்றி எழுதினார். இன்று நம் நாட்டிலும் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர்கள் இதைச் செய்கிறார்கள்.

பிளாஸ்டிக் என்றதும், வயிற்றில் பிளாஸ்டிக்கை வைத்துத் தைப்பார்கள் என்று எண்ண வேண்டாம்! உருவத்தைச் சீர் செய்வது என்பதே இங்கு அந்தச் சொல்லின் பொருள்.

முதலில் மயக்க மருந்து. பிறகு அடிவயிற்றில் ஒரு பக்க இடுப்பிலிருந்து மறு பக்கம் வரை கீறுகிறார்கள். விலகிய தசைகளைச் சேர்த்துத் தைக்கிறார்கள். மிஞ்சிய தோலையும் கொழுப்பையும் வெட்டி எடுக்கிறார்கள். தொப்புளுக்குப் புது இடம் அமைக்கிறார்கள். பெரும்பாலும் 2 முதல் 4 மணி நேரம் ஆகும். தழும்பு மங்க ஒரு வருஷம் ஆகலாம். முழுவதும் மறையாது.

யாருக்கு வேண்டாம்?

உடம்பு இளைக்க இது வழி அல்ல. இன்னும் பிள்ளை பெற விரும்புகிறவர்கள் காத்திருக்க வேண்டும். சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தாமல் செய்யக் கூடாது. பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் புண் ஆறாது.

தொப்புள் பக்கம் புடைத்து, இருமும்போது பிதுங்கினால் அது குடல் இறக்கமாக இருக்கலாம். அது நோய். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் காட்ட வேண்டும். அழகுக்காக மட்டும் செய்யும் ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் பொதுவாகப் பணம் தராது.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வாரம் சற்றுக் குனிந்தே நடக்க வேண்டும். படுக்கும்போது முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கலாம். உள்ளே ஊறும் நீரை வெளியேற்றச் சில நாட்கள் குழாய் வைத்திருப்பார்கள். டாக்டர் சொல்லும் காலம் வரை இடுப்புப் பட்டை அணிய வேண்டும்.

படுத்தே கிடக்கக் கூடாது. வீட்டுக்குள் மெதுவாக நடக்க வேண்டும். ஆனால், சுமார் 6 வாரம் குடம் தூக்கக் கூடாது. அரிசி மூட்டை கூடாது. குழந்தையையும் தூக்கக் கூடாது. உட்கார்ந்துகொண்டு, பிறர் மடியில் கொண்டுவந்து வைக்கச் சொல்ல வேண்டும். புண் நன்றாக ஆறும் வரை ஆற்றில் இறங்கிக் குளிக்கக் கூடாது.

பத்தியம் என்று வெறும் கஞ்சி கொடுப்பது தவறு. புண் ஆற முட்டை, பருப்பு, மீன் வேண்டும்.

உஷார்!

கெண்டைக்காலில் வலி, வீக்கம், திடீர் மூச்சுத் திணறல், மார்பு வலி வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. ரத்தம் உறைந்து நுரையீரலை அடைத்திருக்கலாம். உடனே 108-க்குப் போன் செய்யவும். காய்ச்சல், சீழ், நிற்காத ரத்தம் கண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

2022 மே மாதம் பெங்களூரில், கன்னட டெலிவிஷன் நடிகை சேத்தனா ராஜ், கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போன இடத்தில் இறந்தார். அவருக்கு வயது 21. ஆகவே விளம்பரத்தைப் பார்த்து ஓடாதீர்கள். டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, மயக்க மருந்து டாக்டர் உண்டா, தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பிரசவித்த பெண்ணுக்கு 40 நாள் ஓய்வு கொடுப்பது நம் வீட்டு வழக்கம். இந்த ஆபரேஷனுக்கும் அதே ஓய்வு வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர்கள் கணவரும் மாமியாரும்தான். குடம் சுமக்க வேறு ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு தேதி குறியுங்கள்!