ஆடு மாடுகளில் "பல் இல்லை" என்றால் என்ன?

மேச்சேரி, புதன்சந்தை போன்ற கால்நடைச் சந்தைகளில் விலை பேசுமுன் எழும் முதல் கேள்வி, "எத்தனை பல்?" என்பதாகும். பல்லைப் பற்றிச் சொல்லும் சொல்லுக்கேற்ப விலையும் மாறும். எனவே, இச்சொற்களை விவசாயிகள் வேறுபடுத்தி அறிந்திருத்தல் அவசியம்.

இயல்பாகவே பல் இல்லாதவை

கோழிக்குப் பல்லே கிடையாது. தீனியை அரைவைப்பை அரைக்கிறது. ஆடு, மாடு, எருமைகளுக்கு மேல்தாடையின் முன்பக்கம் பற்கள் இல்லை. கெட்டியான ஈறு மட்டுமே உண்டு. இது குறையன்று. கீழ்த்தாடையின் எட்டு முன்பற்களைக் கொண்டே வயது கணிக்கப்படுகிறது.

பல் போடாதவை

வாயில் பல்லே இல்லை என்பது இதன் பொருளன்று. சிறிய பால் பற்கள் எட்டும் இருக்கும்; நிலைப்பல் இன்னும் முளைக்கவில்லை என்பதே பொருள். நடுவிலுள்ள இரண்டு பால் பற்கள் விழுந்து, அகன்ற நிலைப்பற்கள் வந்தால் "இரண்டு பல்". இது ஆடுகளில் 1 முதல் 1½ வயதிலும், மாடுகளில் 2 முதல் 2½ வயதிலும் நிகழும். பின்னர் இரண்டிரண்டாக மாறி, ஆடுகளில் சுமார் 4 வயதிலும், மாடுகளில் சுமார் 5 வயதிலும் எட்டுப் பல்லும் நிறையும். இனம், தீவனம் ஆகியவற்றைப் பொறுத்துச் சில மாதங்கள் முன்பின் ஆகலாம்.

பல் தேய்ந்தவை, விழுந்தவை

"எட்டுப் பல்" என்பது 5 வயதுப் பசுவுக்கும் பொருந்தும். 10 வயதுப் பசுவுக்கும் பொருந்தும். ஆகவே எண்ணிக்கையோடு தேய்மானத்தையும் பார்க்க வேண்டும். வயது ஏற ஏறப் பற்கள் தேய்ந்து குட்டையாகி, இடைவெளி விட்டு, ஆடத் தொடங்கும்; பின் விழும். எல்லாம் விழுந்தால் பொக்கை வாய்.

"பல் விழுந்திருக்கிறது" என்று விற்பவர் சொன்னால், விழுந்தது பால் பல்லா, நிலைப்பல்லா என்று கேளுங்கள். ஈறில் புதுப் பல்லின் முனை தெரிந்தால் இளவயது. பக்கத்துப் பற்கள் தேய்ந்து ஆடினால் முதுமை.

ஃபுளூரைடு மிகுந்த கிணற்று நீரைக் குடித்து வளரும் மாடுகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்து, இளவயதிலேயே தேய்ந்துவிடும். சேலம் மாவட்டத்தின் சில பகுதிகளில் இத்தகைய நீர் உண்டு. அங்கு பல்லை மட்டும் கொண்டு வயதை முடிவு செய்யக்கூடாது.

பராமரிப்பு

முன்பல் இழந்த ஆடு, தரையோடு ஒட்டிய காய்ந்த புல்லைக் கடிக்க இயலாமல் கோடையில் மெலியும். அதற்குத் தீவனத்தட்டைப் பொடியாக நறுக்கியும், பிண்ணாக்கை ஊறவைத்தும் கொடுக்கலாம். அப்படியும் தேறாத பெட்டை ஆடுகளைக் கோடைக்கு முன்பே கழித்துவிடுவது இலாபகரமானது. வாங்கும்போதோ, வாயைத் திறந்து பார்த்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.