மலைப்பாதையில் பழைய மோட்டார்கள் – 7: நடுவட்டத்தில் நடுங்கும் எஞ்சின்

கூடலூரிலிருந்து உதகைக்கு ஏறும் பாதையில், வளைவுக்குமேல் வளைவாக ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தைக் கீழ்க் கியர்களிலேயே கடந்து, நடுவட்டத்துத் தேநீர்க் கடையோரத்தில் வந்து நிற்கும் பழைய அம்பாசிடர் கார், ஏற்றத்தில் யாதொரு குறையும் காட்டாமல் வந்திருந்தும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தில் பானெட்டு முதல் பின்கதவுவரை குலுங்கி, இப்போது நின்றுவிடுமோ, இன்னும் சற்றுப் பொறுத்து நிற்குமோ என்று ஐயுறும்படி ஓடுவதுண்டு. "ஸ்லோவில் மிஸ் அடிக்குதுங்க" என்பார் டிரைவர். "கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணிட்டாச் சரியாப் போயிடும்" என்பார் பக்கத்தில் நிற்பவர். இந்த இரண்டாவது அபிப்பிராயத்தால் கெட்டுப்போன நல்ல கார்பரேட்டர்கள் அநேகம். ஆதலால் கார்பரேட்டரில் கை வைப்பதற்கு முன் பார்த்து முடிக்கவேண்டியவை எவை என்பதையே இந்த வாரம் விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

வேகமாக ஓடும்போது மறைந்திருக்கும் தோஷம் மந்தகதியில் வெளிப்படுவதற்குத் தக்க காரணம் உண்டு. கால் எடுத்த நிலையில் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியே இருக்கிறது. உள்ளே செல்லும் காற்றோ மிகச் சொற்பம். அதிலும் முந்தின வெடிப்பின் புகை மிச்சம் கலந்து எரிதலை மட்டுப்படுத்துகிறது. முழுவேகத்தில் பொருட்படுத்த வேண்டாத ஒரு சிறு காற்றுக் கசிவு, இந்த நிலையில் மொத்தக் காற்றில் பெரும்பங்காகிவிடும். நிமிஷத்துக்கு 700 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நிமிஷத்துக்கு 350 வெடிப்புகளே கிடைப்பதால், ஒரு சிலிண்டர் சோர்ந்தாலும் இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிந்துவிடுகிறது.

இனி, இந்த ஸ்தலத்தின் விசேஷம். 1860-களில் சென்னை அரசாங்கம் மக்கிவர் துரையின் மேற்பார்வையில் நீலகிரியில் சிங்கோனா மரம் பயிரிட்டபோது, நடுவட்டத்தையும் அதற்குத் தேர்ந்தெடுத்ததற்கு இங்குள்ள உயரமும் ஈரமுமே காரணம். பின்னாளில் இங்கே கொயினா தயாரிக்கும் தொழிற்சாலையும் ஏற்பட்டது. அந்த மரத்துக்கு அனுகூலமாக இருந்த அதே உயரமும் ஈரமும் பெட்ரோல் எஞ்சினுக்குப் பிரதிகூலமாக இருக்கின்றன. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் சமுத்திர மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கென்று துளையிட்ட ஜெட்டு, காற்று லேசாகிவிட்டதை அறியாமல் பழைய அளவை ஒட்டியே பெட்ரோலை விட்டுக்கொண்டிருப்பதால், கலவையில் பெட்ரோல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மிகுந்துவிடுகிறது. பிளக்கு முனைகள் கரி பூசிக்கொள்கின்றன. கோயம்புத்தூரில் குறைவின்றி ஓடிய வண்டி இங்கே சற்று மூச்சுத் திணறுவது ஸ்தல தோஷமேயன்றி வண்டியின் தோஷம் அன்று. இரண்டையும் பிரித்தறியாதவன் எதை எத்தனை முறை திருகினாலும் பயனில்லை.

பிரித்தறிவதற்கு மிக நல்ல கருவி வாக்குவம் கேஜ். மானிபோல்டில் அதைப் பொருத்தினால், ஆரோக்கியமான எஞ்சின் சமவெளியில் 18 முதல் 20 அங்குலம் காட்டும். உயரம் ஆயிரம் அடி ஏறுந்தோறும் சுமார் ஓர் அங்குலம் குறையும். ஆகவே நடுவட்டத்தில் முள் 12-க்கும் 14-க்கும் இடையில் அசையாமல் நின்றால் கவலைப்படக் காரணமில்லை. முள் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டிலும் எவ்வாறு நிற்கிறது என்பதையே, நாடி பார்க்கும் வைத்தியரைப்போல, நிதானமாகக் கவனிக்கவேண்டும். ஒரே சீரான இடைவெளியில் முள் சடக்கென்று விழுந்து எழுந்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை; குறைவான இடத்தில் அசையாது நின்றால் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறது, அல்லது எங்கோ காற்று புகுகிறது; மெல்ல அங்குமிங்கும் ஊசலாடினால்தான் கலவையின்மேல் சந்தேகம் கொள்ள இடமுண்டு.

கேஜ் கையில் இல்லாதவருக்கும் வழியில்லாமற் போகவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில், உறையிட்ட குறட்டினால் பிளக்கு ஒயர்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால், எதை எடுத்தும் ஓட்டத்தில் மாறுதல் தெரியவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யாமல் இருப்பது. அம்பாசிடருக்குப் பல்லாண்டுகள் பொருத்தப்பட்டுவந்த 1,489 சி.சி. எஞ்சினில் அறிந்துகொள்ளவேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. அதன் ஹெட்டில் காற்று உட்புகும் வாய்கள் இரண்டே. முதல் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒன்று, கடைசி இரண்டுக்கு மற்றொன்று. ஆகையால் முதலாவதும் இரண்டாவதும் சேர்ந்தாற்போல் சோர்ந்திருந்தால், அவற்றின் கம்பிரஷனை அளந்து பார்க்கவேண்டும். இரண்டிலும் கம்பிரஷன் குறைந்திருந்தால் அவற்றின் நடுவே ஹெட் கேஸ்கட் போயிருக்கக்கூடும். குறையவில்லையானால் அந்த வாயின் மானிபோல்டு கேஸ்கட்டில் காற்று இழுக்கிறது. அந்த இணைப்பில் கொஞ்சம் கெட்டியான எண்ணெயைத் தடவியதும் எஞ்சினின் சத்தம் மாறினால் வேறு சாட்சி தேவையில்லை. இதற்குப் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சூடேறிய எக்ஸாஸ்டுக்கு அருகில் அது பெருந்தீங்கு விளைவிக்கும் காரியம், ஒருபோதும் செய்யலாகாது.

ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் சோர்ந்திருந்தால் டேப்பெட்டைப் பார்ப்பதே முறை. வால்வு இடைவெளி 0.015 அங்குலம் இருக்கவேண்டும்; பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் அது நாளடைவில் தானே குறைந்துபோவதைக் காணலாம். முன்பு பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்துவந்தது. 2000-ஆம் ஆண்டில் அது நாடெங்கும் நீக்கப்பட்டது ஜனங்களின் சுவாசத்துக்குப் பெரும் நன்மை. ஆனால் கடினப்படுத்தாத பழைய வால்வு ஸீட்டுகள் அதுமுதல் தேய ஆரம்பித்தன. ஸீட்டு தேயத் தேய வால்வு உள்ளே இறங்கி, இடைவெளி அற்று, சூட்டில் முழுவதும் மூடாமல் நின்றுவிடுகிறது. வேகத்தில் கசியப் பொழுதில்லை. மந்தகதியில் கசிவதற்கு வேண்டிய அவகாசம் உண்டு.

இக்னிஷனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பாயிண்டு இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம்; பிளக்குக்கு 0.025. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு தேய்ந்து பக்கவாட்டில் ஆடினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பாயிண்டு ஒவ்வொரு விதமாகத் திறக்கும்; அந்நிலையில் ஃபீலர் கேஜினால் எவ்வளவு அளந்தும் பிரயோஜனமில்லை. தென்மேற்குப் பருவகாலத்தில் நடுவட்டத்தின் மூடுபனி டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரமாகப் படிந்துவிடுவதால், இரவு வெளியில் நின்ற வண்டியைக் காலையில் எடுக்குமுன் மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் உட்புறம் துடைப்பதை வழக்கமாக்கிக்கொள்வது நலம்.

இவ்வளவும் சரியாக இருக்கக் கண்ட பிறகே கார்பரேட்டரிடம் வரவேண்டும். முதலில் த்ராட்டில் ஸ்பிண்டிலின் இரு முனைகளிலும் எண்ணெய் தடவிப் பார்க்கவேண்டும்; தேய்ந்த ஸ்பிண்டில் வழியே காற்று புகுந்தால் மிக்சர் ஸ்க்ரூ எந்த நிலையிலும் நிலைத்த பலன் தராது. அதிலும் பழுதில்லையென்றால், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், சோக்கு முழுவதும் தள்ளியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாக உள்ளே திருப்பி, ஓட்டம் மிகச் சீராக இருக்கும் இடத்தில் நிறுத்தி, ஸ்லோ ஸ்க்ரூவினால் வேகத்தைச் சிறிதே உயர்த்திவிடலாம். இது நடுவட்டத்துக் காற்றுக்கென்று வைத்த அளவு. மைசூர்ப் பக்கம் இறங்கும் வண்டியானால், கூடலூர் சேர்ந்ததும் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, குறைத்த அந்தக் கால் சுற்றைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கவேண்டும்.