தீக்கு ஒரு பூட்ஸ், 108-க்கு வேறொரு பூட்ஸ்

சேலம், நாமக்கல் பக்கம் தீயணைப்பு வண்டி சைரன் அடித்துக்கொண்டு போனால் எங்கேயோ நெருப்பு என்றுதான் சனங்கள் நினைப்பார்கள். பல நேரம் அது கிணறு. மாடு விழுந்திருக்கும், சில நாள் ஆளே விழுந்திருப்பார். பாறையைக் குடைந்து இறக்கிய கிணறுகள், படியெல்லாம் பாசி. மற்ற நாட்களில் பள்ளிபாளையத்து விசைத்தறிக் கூடம், கோழிப்பண்ணை, நெடுஞ்சாலையில் கவிழ்ந்த லாரி. தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வண்டியிலிருந்து குதிக்கும் முன்பே கால் எந்தத் தரையில் படப்போகிறது என்று யோசித்தாக வேண்டிய பிழைப்பு அது.

என் அக்கா மகன் 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்ததும், "மாமா, உங்களுது மாதிரியே கனமா ஒண்ணு வாங்கிக்கட்டுங்களா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

தீயணைப்பு பூட்ஸின் கனத்துக்குக் காரணம் உண்டு. விரல்களை மூடிய தொப்பி 200 ஜூல் அடி தாங்க வேண்டும்; 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அடியில் ஆணி ஏறாத தகடு வேண்டும். எரிந்து விழுந்த கூரையில் ஆணிகள் மேல்நோக்கியே கிடக்கும். லாரி டயர் எரிந்து தீர்ந்தால் அதன் எஃகுக் கம்பிகள் முள்ளாக நிற்கும். அடிப்பாகம் நைட்ரைல் ரப்பராக இருந்தால் நல்லது. 300 டிகிரி சூட்டை ஒரு நிமிடம் தாங்கும் என்று சோதித்துத் தருகிறார்கள். சாதாரண பாலியூரித்தேன் அந்தச் சூட்டில் இளகிவிடும். எரிவாயு டேங்கர் லாரிகளுக்கு நாமக்கல் பேர்போன ஊர். கசியும் டேங்கர் அருகே போகிறவர் உடம்பில் சேரும் மின்னேற்றமே பொறி கிளப்பப் போதும். அதை மெல்லத் தரையில் இறக்கும் ஆன்டிஸ்டேடிக் வகை இங்கே கட்டாயம் என்பேன்.

கிணற்றுக்கு மட்டும் கம்பூட் கூடவே கூடாது. விளிம்பு மூழ்கியதும் தண்ணீர் நிரம்பி, காலைத் தூக்கவிடாது.

ஆம்புலன்ஸ்காரர் கால் செய்யும் வேலையே வேறு. சாலையில் மண்டியிட்டு நெஞ்சை அழுத்தும்போது முன்பாதம் முழுதாக மடிய வேண்டும். விறைத்த பூட்ஸில் தொப்பியின் விளிம்பு விரலில் ஏறும். விபத்து நடந்த இடத்தில் டீசலும் கண்ணாடித் தூளும் கிடக்கும். ஆகவே எண்ணெயில் வழுக்காத அடி, கணுக்காலைப் பிடிக்கும் உயரம், குறைந்த எடை. மேல்பாகத்தில் துணியும் தையலும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ரத்தம் ஊறாமல் துடைத்துவிடலாம். நடுராத்திரி அழைப்புக்குப் பக்கவாட்டு ஜிப் பெரிய உதவி. வாசலில் செருப்பைக் கழற்றி வளர்ந்தவர்கள் நாம். நோயாளி வீட்டில் அதற்காக ஒரு நொடி நிற்க வேண்டாம் என்று அக்கா மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

கடையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 15298 என்ற எண்ணைப் பாருங்கள். அதன் இரண்டாம் பகுதி 200 ஜூல், மூன்றாம் பகுதி 100 ஜூல், நான்காம் பகுதியில் விரல் தொப்பியே கிடையாது. அவனுக்கு நான்காம் பகுதி போதும். தயாரித்த மாதத்தையும் பாருங்கள். பாலியூரித்தேன் அடி, போடாமல் பரணில் கிடந்தாலும் ஈரக் காற்றில் சில வருடங்களில் உதிர்ந்துவிடும். சாயங்காலம், பாதம் வீங்கியிருக்கும்போது, வேலைக்குப் போடும் சாக்ஸோடு போட்டுப் பார்த்துக் கடைப் படியில் இறங்குங்கள். விரல் முன்னே போய் இடித்தால் அந்த அளவு வேண்டாம். நெருப்புப் பக்கம் போகிறவர்கள் நைலான் சாக்ஸைத் தொடவே கூடாது. உருகித் தோலோடு ஒட்டும்.

நனைந்த பூட்ஸை அடுப்போரம் வைத்தால் தோல் வெடிக்கும். செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவிடுங்கள். புகைக்கரி படிந்ததை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அந்தக் கரியில் விஷம் இருக்கிறது, குழந்தைகள் தவழும் தரை அது.

மொத்தமாகக் கொள்முதல் செய்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 108-இலும் தீயணைப்பிலும் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஆண்கள் அச்சில் செய்த சின்ன அளவு அவர்களுக்குக் குதிகாலில் தொளதொளக்கும்; ஸ்ட்ரெச்சரோடு படியிறங்கும்போது அதுவே ஆளைத் தள்ளிவிடும். ஆர்டர் போடும் முன் ஒவ்வொருவர் பாதத்தையும் அளந்துகொள்ளுங்கள்.